முட்டைக் காசு

என் எதிர்வீட்டுக்காரருக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாது. அவர்களிடம் தேய்ந்த இடம் எது என்றுதான் பார்க்கத் தெரியும். யாராவது புது நாற்காலி வாங்கினால் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "இது இந்த இடத்துலதான் முதல்ல போகும்" என்பார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைக் காட்டி, "முன்மண்டை இப்பவே மினுங்குது" என்பார். அதனால் அவருக்குத் தேய்மானம் என்றே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது.

பிழைப்புக்கு அவர் பல்செட் செய்தார். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்; இவர் பட்டறையில் உட்கார்ந்து பல் கட்டித் தருவார். வாயில் மிச்சமிருக்கும் பல்லின் நிறத்துக்குப் பொய்ப்பல்லின் நிறத்தைப் பொருத்துவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று ஆரம்பித்தாரானால் கேட்பவருக்குப் பல் விழுந்துவிடும். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு அந்தக் கண்ணை முழுநேரமாகப் பழைய வெள்ளிக்காசுகளுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது அந்த வீட்டுக்குள் போனேன். அந்த அம்மாள் போன பிறகும் என் போக்குவரத்து நிற்கவில்லை. ஆகவே அவர் காசு பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்று எடுத்துக்கொண்டால் நல்ல வேடிக்கை.

முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். மேஜை விளக்கு ஒன்று மட்டும் எரியும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, காசை விளிம்பில் மட்டும் பிடிப்பார். காசின் முகத்தில் விரல் பட்டால் ரேகை வெள்ளியில் ஊறிப்போய் ஆயுசுக்கும் நிற்குமாம். காசு உறையைவிட்டு வெளியே இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. எச்சில் தெறித்த இடம் நாளைக்குக் கரும்புள்ளியாகுமாம். அந்த வீட்டில் சண்டையில்லாத நேரம் அது ஒன்றுதான்.

பிறகு காசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துச் சுற்றுவார். புழங்காத காசென்றால் அதன்மேல் விழும் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள்போல் சுற்றிவரும். சுற்றாவிட்டால் ஒன்று அது ஊரெல்லாம் கைமாறியது, அல்லது யாரோ தேய்த்துக் குளிப்பாட்டியது. அடுத்து மேடான இடங்களைப் பார்ப்பார். ராணி தலை போட்ட காசென்றால் கன்னம், காதுக்கு மேல் முடி. கப்பல் போட்ட காசென்றால் பாய் புடைத்திருக்கும் இடம். முதலில் தேய்வது அங்கேதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு எங்கே முதலில் புண் வரும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதேதான்: எலும்பு எங்கே மேடோ அங்கே. இதை நான் அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

"சிஸ்டர், காசைப் பத்திப் பேசறப்போ புண்ணை இழுக்காதீங்க."

கடைசியில் நிறம். பழைய வெள்ளி, காற்றில் இருக்கும் கந்தகத்தோடு வருஷக்கணக்கில் பழகி ஒரு நிறம் பூணும். அதற்கு டோனிங் என்று பெயர். நம் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தில் வந்தால் அழுக்கு, காசு சேர்க்கிறவர்களுக்குக் காசில் வந்தால் அழகு. நிஜமானது விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி மெல்லப் பரவும். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் வைக்கோல் மஞ்சள், பொன், செம்பு, ஊதா, நீலம் என்று ஒன்றுக்குள் ஒன்று கரையும். அடியில் அந்த ஒளிச்சக்கரம் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். பொய்யானது பெயின்ட் அடித்ததுபோல் மேலே உட்கார்ந்திருக்கும், அடியில் ஒன்றும் அசையாது. பொய் நிறம் ஏற்றுவது பெரிய வித்தையும் இல்லை. சூடாக அவித்த முட்டையைப் பிட்டு ஒரு டப்பாவில் போட்டு, காசையும் உள்ளே வைத்து மூடினால் போதும். ஒரு தலைமுறை செய்கிற வேலையை மஞ்சள்கரு ஒரு மதியத்தில் செய்துவிடும். அப்படிப்பட்ட காசை இவர்கள் முட்டைக் காசு என்பார்கள். ஒருவர் முட்டைக் காசு வைத்திருக்கிறார் என்று சொல்வதும், எங்கள் தொழிலில் ஒருத்தி நோயாளியின் மாத்திரையைத் திருடினாள் என்று சொல்வதும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அறையில் காசுக்காரர்கள் கூடுவார்கள். நடு நாற்காலி தேய்மானத்துக்கு. அவர் சொன்னால் சொன்னதுதான். சொன்னதை ஒருநாளும் மாற்றியதில்லை என்பது அவருக்கு இருந்த பெருமைகளிலேயே பெரியது.

அவருடைய மனைவிக்கு ஒரு தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். குரலே லாரி ஹாரன். அக்காள் புருஷனைப் பார்த்துத்தான் அவருக்கும் காசுப் பித்துப் பிடித்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கப்பல் காசு வாங்கி, விளிம்பெல்லாம் நீலம் பூத்திருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் கொண்டுபோய் வைத்தார். தேய்மானம் விளக்கடியில் திருப்பினார், உறைக்குள் போட்டார், சொன்னார்.

"செத்துக் கிடக்கு. முட்டை."

"மாமா, நல்லாப் பாருங்க. நீலம் தெரியலையா?"

"நீலமா? அடுப்புல மறந்து விட்ட வாணலி மாதிரி இருக்கு."

"கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்னு சொல்றீங்களா, நான் உங்களை ஏமாத்தறேன்னு சொல்றீங்களா?"

"முட்டையை யாரு வெச்சாங்கன்னு காசு சொல்லாது மச்சான். வெச்சாங்கன்னு மட்டும்தான் சொல்லும்."

அப்போது யாரோ கோழி மாதிரி கொக்கரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் என்று பிறகு தெரிந்தது. அதோடு மச்சினனுக்கு முட்டை என்று பெயர் விழுந்தது. டிரைவிங் ஸ்கூல் காரின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ முட்டை வரைந்து வைத்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். அக்காள் வீட்டுப் படியேறுவதையும் நிறுத்தினார். ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் தெருவில் நின்று ஹாரன் அடிப்பார். முழங்கால் வலிக்கார அக்காள் மூன்று மாடி இறங்கிப்போய் வாங்கிக்கொண்டு வருவாள்.

"ஒரு காசுக்காக என் கூடப்பிறந்தவனைத் தெருவோட நிறுத்திட்டீங்க."

"நானா நிறுத்தினேன்? காசு நிறுத்துச்சு."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் நடக்காத வாரமில்லை.

பிறகு அவர் கண்ணில் புரை வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது. வந்து வாடகை கொடுக்காமல் வருஷக்கணக்காகக் குடியிருந்திருக்கிறது. விளக்கெல்லாம் மங்கலாக எரிகிறது என்று மனைவியைத் திட்டுவார். என் வெள்ளைச் சேலையைப் பார்த்து, "நல்ல சந்தன நிறம், சிஸ்டர்" என்றார். கண்ணைக் காட்டுங்கள் என்று அப்போதே சொன்னேன்.

"என் கண்ணுக்கு என்ன? நீங்க சேலையைச் சரியாத் துவைக்கலை."

ஆபரேஷன் என்றதும் இன்னும் முறுக்கிக்கொண்டார். "உள்ள இருக்கிற லென்ஸை எடுத்துட்டு வேற ஒண்ணு வெப்பாங்களாம். இது பழக்கின கண்ணு சிஸ்டர். புதுசு என்ன பார்க்கும்னு யாருக்குத் தெரியும்?"

"ஊரான் பல்லுக்குப் பதிலா வேற பல்லு வெச்சே சம்பாதிச்சீங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கு ஒண்ணு மாத்தி வெக்கிறதுன்னா மட்டும் கசக்குதோ?"

அவர் மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்டு, கீழே உட்கார்ந்திருந்த இரண்டாம் மாடிக்காரியின் மடியில் போய் விழுந்தார். அதற்குமேல் மனைவி வாதாடவில்லை, வண்டி பிடித்துவிட்டாள். வலது கண் முதலில், இடது பிறகு என்றார் டாக்டர். சொட்டு மருந்து போடுவது என் வேலையாயிற்று. மனைவிக்குக் கை நடுங்கும். கண்ணுக்குப் போடுவது மீசையில் விழும்.

கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது மனைவியை. விளக்கடியில் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்ன இவ்வளவு புழங்கியிருக்கே?"

"உங்க கையில வந்தப்போ புதுக்காசுதான். யாருகிட்ட தேஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க."

நான் மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அடுத்து ராணிக் காசைக் கேட்டார். அது அவருடைய உயிர். கப்பல் விவகாரத்துக்கும் பிறகு வாங்கியது. தேன் நிறத்தில் டோனிங் கண்ட காசு என்று சொல்லி, டோனிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். விளக்கடியில் பிடித்தார். சாய்த்தார், சுற்றினார், மறுபடியும் சாய்த்தார். பிறகு காசை உறைக்குள் வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"யாரு இதைத் தேய்ச்சது?"

"எதை?"

"பல்பொடி போட்டுத் தேய்ச்சிருக்கே. கோடு கோடாத் தெரியுது. தேன் நிறம் எங்க போச்சு?"

"வீட்டுப் பாத்திரம் தேய்க்கவே எனக்குக் கை பத்தலை. இதுல உங்க காசை வேற எடுத்துத் தேய்ப்பேனா?"

"வெள்ளையா இருக்கு. மலிவான பல்செட்டு மாதிரி வெள்ளையா இருக்கு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க," என்றேன். "அழுத்தாதீங்க. சும்மா மூடுங்க."

மூடினார். தேன் வந்தது. வலதைத் திறந்து இடதை மூடினார். தேன் போனது. மறுபடியும் வலது, மறுபடியும் இடது.

"எதுக்குங்க இந்த வயசுல ராணியைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

நான் விளக்கம் சொன்னேன். புரை விழுந்த லென்ஸ் உள்ளுக்குள் பழுத்து மஞ்சளாகிவிடும். நீலத்தை உள்ளே விடாது. வெள்ளை மஞ்சளாகத் தெரியும், நீலம் கறுப்பாகத் தெரியும். மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நான் பார்த்துக்கொண்ட ஒருவர் கட்டுப் பிரித்ததும், வீட்டுக்கு யார் வெள்ளையடித்தது என்று கேட்டார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"நீலம் கறுப்பாத் தெரியும்னா சொன்னீங்க?" என்று கேட்டது அவரல்ல, மனைவி. மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே போட்டாள். "அப்போ என் தம்பியோட கப்பல்?"

"அது வேற," என்றார் அவர்.

"எப்படி வேற?"

"அது செத்த காசு."

"செத்தது உங்க கண்ணு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க? ஞாயித்துக்கிழமை அவனைக் காசோட வரச் சொல்றேன். எல்லாரும் இருக்கிறப்போ பார்த்துச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கிறப்போதானே முட்டைன்னீங்க?"

"உனக்குப் புரியாது. ஒருத்தன் காசை மாத்திச் சொன்னா அத்தனை பேரும் வரிசையில வந்து நிப்பானுங்க. அப்புறம் என் பேச்சு செல்லாக்காசு."

"அங்க செல்லலைன்னா வீட்டுல செல்லுங்க. என் தம்பி என் வீட்டுப் படியேறணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அந்த வாரம் முழுக்க மருந்து போடும்போதெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், அது நிஜமாவே முட்டையா இருக்கவும் வாய்ப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ பயமில்லை."

"பார்த்துட்டுச் சொல்லுங்க. கண்ணை உருட்டாதீங்க, மருந்து வெளிய ஓடுது."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. மனைவியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். சபையில் இருந்த கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். மச்சினன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன மாமா, கறுப்புக் கண்ணாடி? சினிமாவுல சேர்ந்துட்டீங்களா?"

"உட்காரு மச்சான்."

"நின்னே பழகிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மேஜையில் போட்டார். தேய்மானம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், விளக்கைப் போட்டார், காசை விளிம்பில் பிடித்து எடுத்தார். சாய்த்தார். நிமிர்ந்தார். அறையில் இருந்த எங்களுக்கே தெரிந்தது: காசில் நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. வெறும் வெள்ளை. தேய்மானம் அதை உறைக்குள் வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"இது அந்தக் காசா?"

"அதேதான்."

"என்ன பண்ணினே?"

"வெள்ளி கழுவற மருந்துல முக்கினேன். முட்டைன்னு சொன்னீங்க. முட்டையை வெச்சுக்கிட்டு நான் என்ன அடைகாக்கறதா?"

"நீலம் நீலம்னு சண்டை போட்டுட்டுத்தானே போனே?"

"போட்டேன். வீட்டுக்குப் போய் யோசிச்சேன். மாமா சொன்னா தப்பா இருக்காதுன்னு தோணுச்சு. முக்கிட்டேன்."

ஊரே தன்னை நம்ப வேண்டும் என்று நினைக்கிறவருக்கு, நம்பிய ஒருவர் என்ன செய்தார் என்று மேஜைமேல் தெரிந்தது. இந்தத் தடவை யாரும் கொக்கரிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே அது முட்டையா நிஜமான்னு யாராலயும் சொல்ல முடியாது. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மாமனும் மச்சானும் கைகொடுத்துக்கோங்க, டீ குடிப்போம்."

தப்பிக்க அதைவிட அகலமான கதவு கிடைக்காது. மனைவி அவரைப் பார்த்தாள். அவர் காசைப் பார்த்தார்.

"அந்தப் பூதக்கண்ணாடியைக் கொடுங்க," என்றார்.

இடது கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு விளிம்பைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் போனார். டீ வந்து ஆறிப் பாலாடை கட்டியது. கடைசியில் காசை உறைக்குள் வைத்து, மேஜையின் நடுவுக்குத் தள்ளினார்.

"விளிம்புல இருக்கிற பல்லு இடுக்கிலயும், பாய்க்கயித்துக்கு அடியிலயும் மருந்து சரியாப் போகலை. கொஞ்சம் மிச்சம் இருக்கு. உள்பக்கம் பொன், அதுக்கு வெளிய சிவப்பு, அதுக்கும் வெளிய நீலம். மயிரிழை அகலத்துக்குள்ள மூணும் வரிசையா இறங்கியிருக்கு. முட்டைக்கு இந்த வரிசையெல்லாம் தெரியாது. இது வருஷக்கணக்குல வந்த நிறம். காசு நல்ல காசு. நான் சொன்னதுதான் கூமுட்டை." கொஞ்சம் நிறுத்தினார். "கழுவினது அவன். பாழாக்கினது நான்."

கணக்கு வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கெல்லாம் அன்னைக்கே நீலமாத்தான் தெரிஞ்சது."

"ஏன்யா சொல்லலை?"

"நீங்க வாணலின்னு சொன்னீங்க. எங்களுக்குத்தான் பயிற்சி பத்தலைன்னு நினைச்சோம்."

"என் ராணி?"

எல்லாரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். "வெள்ளைதான்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

வெள்ளையைப் பார்த்துத் தேன் என்று தலையாட்டும் படித்த ஆண்கள் ஒரு அறை நிறைய. ஆஸ்பத்திரியிலும் பெரிய டாக்டர் சொன்னதற்கு இப்படித் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது சம்பளம் கொடுக்கிறார்கள்.

மச்சினன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "எந்தக் கண்ணு மாமா சொல்லுது?"

"வலது."

"இடது என்ன சொல்லுது?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் மறுபடியும் பார்த்தார். "தேன்னு சொல்லுது."

"அப்போ ஒண்ணுக்கு ஒண்ணு. அதையும் ஆபரேஷன் பண்ணிட்டு வந்து சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்து சொன்னாத்தான் எடுத்துக்குவேன்." காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். மனைவி பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். மன்னிப்பு என்பது கேட்டவுடனே தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை.

அவர் பயந்தது நடந்தது. முட்டை என்று முன்பு சொல்லப்பட்டவர்களெல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் வரிசையில் நின்றார்கள். நல்லது என்று சொல்லப்பட்டவர்கள் காசைப் பூட்டி வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறோம் என்றார்கள். வரிசையில் வந்ததில் பாதி நிஜமாகவே முட்டை. அதை அவர் சொன்னதும், ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இனி எந்தக் காசையும் இரண்டு பேர் பார்த்தால்தான் செல்லும் என்று முடிவாயிற்று. நடு நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி, பக்கத்தில் இன்னொன்றைப் போட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. நாற்காலியின் கால் எங்கே முதலில் ஆடும் என்று மட்டும் சொன்னார்.

இடது கண் ஆபரேஷனுக்குப் புறப்பட்ட காலை. நான் பையில் மருந்துச் சீட்டையும் துண்டையும் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தால் மச்சினன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத்தனை படியா? இதுலயா நான் உன்னை ஏறி இறங்க வெச்சேன்?"

"தண்ணி குடி முதல்ல," என்றாள் அக்காள். சொம்பைக் கை நடுங்காமல் கொடுத்தாள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் போனோம். மச்சினன் ஓட்டினார். பக்கத்து சீட்டில், கற்றுக்கொடுக்கிறவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு தேய்மானம். தெரு முனைக்குள் மூன்று தடவை வண்டி குலுங்கி நின்றது.

"மாமா, காலை எடுங்க."

"எதிர்ல பஸ்ஸு வருது மச்சான்."

"அது நிக்குது மாமா. கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க."

"எந்தக் கண்ணை?"

"உங்களுக்கு எது இஷ்டமோ அதை."

பின்சீட்டில் இருந்த மனைவி முன்னால் குனிந்து, தம்பியின் தோளில் ஒன்றும் புருஷனின் தோளில் ஒன்றுமாகத் தட்டினாள். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாருங்க. சிஸ்டருக்கு வேற வீட்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

அது உண்மைதான். இடுப்பு எலும்பு முறிந்த ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள்.